எத்தனை லிட்டர், மாமா?

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகன், நேற்று ராத்திரி நான் நாலாவது தோசையில் கை வைக்கிற நேரம் பார்த்து, "மாமா, உங்க வெயிட் எவ்ளோ?" என்றான். பெரிய அலையில் நின்றபடி துடுப்பு போடுகிற பலகை ஒன்று வாங்கப்போகிறானாம். "நான் ஊருக்குப் போனப்புறம் சும்மா கெடக்க வேணாம்ல, நீங்க யூஸ் பண்ணிக்கலாம்." குரும்பகரத்தில்.

குரும்பகரத்தைச் சுற்றி இருப்பது வயல். மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வரை மனசு வைத்து வந்தால், வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடும். அதிலும் பாதி ஆகாயத்தாமரை. சரி, பஸ் ஏறிக் காரைக்கால் கடற்கரைக்கே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து நீளமாக, ஒழுங்காக வருகிற அலையைப் பெரும்பாலும் இலங்கை குறுக்கே படுத்து வாங்கிக்கொள்கிறது. அறுகம்பேயில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வெள்ளைக்காரர்கள் அதில்தான் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வருவது ஐப்பசி கார்த்திகைக் காற்று கிளப்பிவிடுகிற கலங்கல். 2004 டிசம்பர் 26 அன்று வந்ததைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் வேடிக்கை பேசமாட்டார்கள். நானும் பேசவில்லை.

ஆனால் பயலுக்கு அலை முக்கியமில்லை. தேர்வுதான் முக்கியம். ராப்பகலாக வீடியோ பார்த்து, அட்டவணை போட்டு, நட்சத்திரம் எண்ணி, ஒரு நட்சத்திரம் கொடுத்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்பதை மட்டும் தேடித்தேடிப் படிக்கிறான். நீங்களும் மிக்சிக்கு இதைத்தான் செய்தீர்கள், விளக்க வேண்டாம். இந்த வீட்டில் இப்போது பலகையைப் பற்றித் தெரியாதது கன்றுக்குட்டிக்கு மட்டும்தான். ஆகவே எந்தப் பலகை வாங்கவேண்டும் என்பதைக் கடைசியில் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரகம். குளத்தில், காயலில் சும்மா மிதப்பதற்குப் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம். சாதாரண அலைக்கு ஏழிலிருந்து ஒன்பதடி; குட்டையானால் சட்டென்று திரும்பும். பெரிய அலைக்கு மறுபடியும் நீளம் கூடவேண்டும். பெரிய அலை வேகமாக ஓடும். அந்த வேகத்தைப் பலகை எட்டாவிட்டால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். எனவே ஒல்லியாக, இரண்டு முனையும் கூராக ஒன்று செய்கிறார்கள். அதற்குப் பெயர் கன். மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் சரிவில் இறங்கும்போது தண்ணீருக்குள் குத்திவிடும். காற்றடிக்கிற ரகமும் உண்டு, 15 பி.எஸ்.ஐ. வரை அடித்தாலும் அலையில் நடுவே வளையும். பெரிய அலைக்கு ஆகாது.

இனி லிட்டர். காரைக்காலில் லிட்டர் என்று சத்தமாகச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சரக்குக்காகவே மயிலாடுதுறையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பலகையில் லிட்டர் என்றால் அதன் கனஅளவு. ஒரு லிட்டர், சுமார் ஒரு கிலோவைத் தாங்கும். கை தேர்ந்தவனுக்குத் தன் எடையைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். கற்றுக்கொள்கிறவனுக்கு ஒன்றரை மடங்காவது வேண்டும். எனவே என் எடை வேண்டும். உரக்கடைத் தராசு 82 காட்டியது. டாக்டர் வீட்டு மிஷின் 79. மூன்று கிலோ வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் நாலரை லிட்டர். அந்த நாலரை லிட்டரில் நான் மிதப்பேனா முழுகுவேனா என்று பயல் கவலைப்பட்டான். சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று என் மனைவி கேட்டாள். நனைந்த வேட்டிக்கு எவ்வளவு சேர்த்துக்கொள்வது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வேட்டியோடு யாராவது போவார்களா என்று பயல் சிரிக்க, பின்னே இவரை எப்படிப் பார்க்கச் சொல்கிறாய் என்று அக்கா சண்டைக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடி, அரைஞாண் கயிறு, மோதிரம் எல்லாம் தனித்தனியாக விவாதிக்கப்பட்டன. உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம், நூற்றுக்கு இரண்டரை பங்கு கூடவே தாங்கும் என்று யாரோ கண்டுபிடித்ததும் எல்லாக் கணக்கையும் அழித்து முதலிலிருந்து போட்டார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட என்னை இவ்வளவு நுணுக்கமாக யாரும் விசாரித்ததில்லை. கடைசியில் 123 லிட்டர் என்று தீர்ப்பானது. எதிர்காலத்தில் நான் இளைத்தால் என்ன செய்வது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மனம் தாளாமல் கிளிஞ்சல்மேட்டில் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். வயதுக்காலம் முழுக்கக் கட்டுமரத்தில் போனவர். அவர்கள் அதை மரம் என்றுதான் சொல்வார்கள். இலேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. ஏறின தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், முழுகாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து வெயிலில் காயப்போடுவார்கள். மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, நங்கூரம் போட்ட கப்பலுக்குக் கடிதத்தைக் கூம்புத் தொப்பிக்குள் வைத்து, அந்த அலையைக் கிழித்துக்கொண்டு போய்க் கொடுத்தவர்கள் கட்டுமரக்காரர்கள். நமக்கு அது பிழைப்பு. ஹவாயில் அலைச்சறுக்கு வீரர் லேர்ட் ஹாமில்டன் பலகைமேல் நின்று துடுப்பு போட்டார், விளையாட்டாகிவிட்டது. மாவி தீவின் பெயாஹி அலைவரை போயாயிற்று. இந்த எரிச்சலைப் பெரியவரிடம் கொட்டினேன். அவருக்கு எரிச்சலே இல்லை.

"அலையில நிக்கிறதா? அலையத் தாண்டி அந்தாண்ட போவத்தான் தம்பி மரம். சுனாமிக்கப்புறம் பைபர் போட்டு வந்திச்சு, மோட்டார் வந்திச்சு, நிம்மதி. உங்க மருமவப்புள்ள எதுக்கு நிக்கணுங்கிறாரு?"

எதுக்கு என்று எனக்கும் தெரியவில்லை. சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார். அதே ஊர் சேகர் பச்சை இந்தத் துடுப்புப் பலகையில் தேசிய சாம்பியன் ஆனவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. அந்தப் பிள்ளைகள் முதலில் கடலுக்குள் போனார்கள், பலகை பிறகு வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் பலகை முதலில் வருகிறது, கடல் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

சரி, எந்தப் பலகை? பத்தடிக் கன் ஒன்றை எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றவேண்டும். வாழைத்தாருக்கே லக்கேஜ் கேட்கிற கண்டக்டரிடம் 123 லிட்டர் என்று சொன்னால், முதலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார். பஸ்ஸுக்குள் சுருட்டி வைக்க முடிவது காற்றடிக்கிற ரகம் ஒன்றுதான். அதுதான் பெரிய அலைக்கு ஆகாது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவன் அம்மா சொல்லட்டும். என் எடையைக் கூட்டியெழுதச் சொன்னதே அவள்தான்.