புல்லர் நட்பு

முப்பத்திரண்டு ஆண்டு காலம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து, புல்லரைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள், அவர் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்காதீர்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வருஷமே ரொக்கம் கொடுத்து ஒரு புல்லரை விலைக்கு வாங்கி, காங்கேயம் பேருந்தில் அதைக் குழந்தைபோல் மடிமேல் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவன் நான். இந்த நெறிப்பிறழ்ச்சியில் பாதிக் குற்றம் என்னுடையது. மற்றப் பாதி ஆங்கில பாஷையினுடையது. இழுக்கும் கருவிக்கு அந்தப் பாஷைக்காரர்கள் வைத்த பெயர் நம் கடைத்தெருவுக்கு வந்து, தமிழ் எழுத்தில் ஏறி, 'புல்லர்' என்று உட்கார்ந்துவிட்டதற்கு நான் என்ன செய்ய முடியும்?

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியுமாகக் காங்கேயம் மாடுகளுக்கென்றே ஏற்பட்ட மேய்ச்சல் நிலம் அது. இரண்டு காடுகளின் கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடுகிற வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். என் பாட்டனார் மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி நட்டு உண்டாக்கிய வேலி, அவர் பரமபதம் அடைந்து பல வருஷங்கள் ஆன பின்னும், யாரும் உழைக்காமல், யாரும் ஊதியம் கொடுக்காமல், ஒரு கவர்ன்மெண்டு உத்தியோகஸ்தரைப்போல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் தொடர்ந்து வானம் பொய்த்த சில வருஷங்களில் வடபுறத்து வேலி மட்டும் பட்டுப்போய்விட்டது. நான் நட்ட போத்துகள், நான் இலக்கணம் கற்பித்த பிள்ளைகளைப்போல, தலையை மட்டும் ஆட்டினவே தவிர வேர் பிடிக்கவில்லை.

வேலி போன வழியில் பக்கத்துக் காட்டுக்காரருடைய வெள்ளாடுகள் வந்தன. அவர் நல்ல மனிதர். ஆடுகளும் சுபாவத்தில் நல்லவையே. ஆயினும் நான் ஆசையாக வைத்த முருங்கைக் கன்றுகளின் விஷயத்தில் அவற்றுக்கும் எனக்கும் அடிப்படையான அபிப்பிராய பேதம் இருந்தது. கடைசியில், முடிச்சு வலை என்று இப்போது வழங்குகிற கம்பி வேலியைப் போடுவதென்று குடும்பத்தில் தீர்மானம் ஆயிற்று. நான்கடி உயரம், கிடையாகப் பல கம்பிகள், அவற்றை நெடுகிலும் கோத்து முடிச்சிட்ட குத்துக் கம்பிகள், குட்டிகள் நுழையக் கூடாதென்று கீழே கண்கள் நெருக்கமாகவும், மேலே போகப் போக அகலமாகவும் இருக்கும். கிடைக்கம்பிகளில் சாணுக்குள் ஒன்றாகச் சிறு சிறு நெளிவுகள் இருந்தன. தொழிற்சாலையில் யாரோ அசிரத்தையாக மடித்துவிட்டார்கள் என்று எண்ணி அவர்களுக்காக நான் வருந்தினேன். இந்த அனுதாபத்தின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பி வலையைச் சும்மா பிரித்துக் கல்லுக்கால்களில் கட்டினால், அது பழைய கயிற்றுக் கட்டிலைப்போல் தொய்ந்து கிடக்கும்; ஆடு அதன்மேல் முன்னங்கால்களை வைத்து ஏறி, நம் முருங்கையை எட்டிப் பிடிப்பதற்கு ஏணியாகவே அதை உபயோகித்துக்கொள்ளும். ஆகவே இழுத்துக் கட்ட வேண்டும். ஊரில் வழக்கம் என்னவென்றால், வலையின் கண்களில் கடப்பாரையைக் கோத்து, அதில் கயிறு கட்டி, நாலு பேர் தேர் இழுப்பதுபோல் இழுக்க, ஐந்தாவது ஆள் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவான். வேலி மேஸ்திரியைக் கேட்டேன். ஆடி கழிந்துதான் ஒழியும் என்றார். நாலு பேரை நான் எங்கே தேடுவேன்? இந்தக் காலத்தில் நாலு பேர் சேர்ந்து ஒருவனை இழுப்பதென்றால் அது வம்புக்குத்தான்.

அப்பொழுதுதான் நாலு பேருடைய பலத்தை ஒரு கைக்குக் கொடுக்கிற உபகரணம் உண்டு என்று கேள்விப்பட்டு இரும்புக்கடைக்குப் போனேன். கம்பி வலையை விறைப்பாகத் தகைத்து ஈர்க்கும் கைப்பொறி ஒன்று வேண்டும் என்று, வாயில் வந்த தமிழ் அவ்வளவையும் பிரயோகித்துக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "டேய், ஐயாவுக்கு அந்த ரெண்டு டன் புல்லரை எடுத்துட்டு வாடா" என்றார்.

இரண்டு டன் எடையுள்ள கீழ்மகன் எவனோ வரப்போகிறான் என்று நான் ஓரடி பின்வாங்கினேன். வந்தது முழங்கை நீளத்தில் ஓர் இரும்புச் சாமான். நீண்ட கைப்பிடி; அதன் அடியில் பற்சக்கரம்; சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் உருளையில் எஃகுக் கயிறு; முன்னும் பின்னும் ஒவ்வொரு கொக்கி; பற்களின் நடுவே விழுந்து தடுக்கும் இரண்டு நாக்குகள். கைப்பிடியை இந்தப் பக்கம் சாய்த்தால் சக்கரம் ஒரு பல் முன்னே போகும். அந்தப் பக்கம் திருப்பினால், போன பல்லை நாக்கு பிடித்துக்கொண்டு பின்வாங்க விடாது. நெம்புகோலுக்குப் பலம் உண்டு, ஆனால் ஞாபகம் இல்லை. கையை எடுத்தால் செய்த வேலையை மறந்துவிடும். அந்த நெம்புகோலுக்கு ஞாபகசக்தியைக் கொடுப்பதுதான் நாக்கும் பல்லும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை இரும்பில் செய்து கொக்கி மாட்டினாற்போல் இருந்தது. நமக்கும் நாக்கும் பல்லும் இருக்கின்றன; சொன்ன சொல்லிலிருந்து ஒரு பல்லாவது பின்வாங்காமல் இருக்க அவை நமக்கு உதவியதுண்டா என்று, பேருந்தில் வரும்போது நெடுநேரம் சிந்தித்தேன். புல்லுதல் என்றால் தழுவுதல் என்றும் ஒரு பொருள் உண்டாகையால், கம்பியைத் தழுவி இழுக்கும் இந்தக் கருவிக்குப் புல்லர் என்பதே தூய தமிழ்ப் பெயர் என்று ஒரு சமாதானமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வாங்கிய பொருளின் குலம் கோத்திரம் தெரியாமல் வீட்டில் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. விசாரித்ததில், கம்பியை வலையாக நெய்யும் யந்திரத்தை 1844-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்துச் சார்லஸ் பர்னார்ட் என்பவர், துணி நெய்கிற தறியைப் பார்த்து அமைத்தார் என்று தெரிந்தது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் சீமைக்கு இது பங்காளி உறவு அல்லவா! நெய்வதோடு காரியம் முடியவில்லை. இழுப்பதற்கும் ஒருவர் வேண்டியிருந்தது. நியூஸிலாந்தில் ஒடாகோ பிரதேசத்தில் ஒடுரெஹுவா என்னும் சிற்றூரில் எர்னஸ்ட் ஹேஸ் என்பவர் பட்டறை வைத்து, கம்பி இழுக்கும் கருவிகளைச் செய்துவந்தார். 1924-ல் அவர் வகுத்த சங்கிலிக் கருவி ஆட்டுப்பண்ணைகள் எங்கும் பெயர்பெற்றது. அதைவிடச் சுவாரசியம், அவர் பட்டறைச் சரக்குகளை அவருடைய மனைவி ஹன்னா அம்மையார் சைக்கிளில் ஏறி, மலையும் மேடுமான அந்தப் பிரதேசத்தில் பண்ணை பண்ணையாகப் போய் விற்றுவந்தார் என்பது. இந்த உத்தம சரித்திரத்தை என் மனைவிக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்து, புருஷனுடைய முயற்சிக்கு உறுதுணையாக இருப்பதல்லவா இல்லறம் என்று முடித்தேன். அவள் புளியை உருட்டிக்கொண்டே, "அந்தம்மா வீட்டுக்காரருக்குச் செய்யத் தெரிஞ்சிருக்குதுங்க" என்றாள்.

வேலியின் சரித்திரத்தில் நம் தேசமும் சோடை போகவில்லை. உப்பு வரிக்குத் தப்பி உப்புக் கடத்துவதைத் தடுக்க, வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி முதலிய முட்செடிகளால் வெள்ளைக்காரர்கள் உயிர்வேலி வளர்த்தார்கள். 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்க இலாகாவுக்குத் தலைவராக இருந்து வேலியைச் செழிக்கச் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1879-ல் அந்த வேலி கைவிடப்பட்டது. ஆறு வருஷம் கழித்து, 1885-ல், காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு முன்னின்றவரும் இதே ஹியூம்தான். அந்த மகாசபையினர் 1930-ல் வடக்கே தண்டிக்கும் தெற்கே வேதாரணியத்துக்கும் நடந்தது, உப்பை அள்ளுவதற்கு! வேலி போடுகிறவன் கையாலேயே ஒரு நாள் கடவும் திறக்கப்படும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு ஞானத்தையும் சேகரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டில் இறங்கினேன். வலையின் நுனியை இரண்டு பலகைகளின் நடுவே கரும்பாலையில் அகப்பட்ட கரும்புபோல் வைத்துப் போல்ட்டுகளால் இறுக்கி, பலகையில் ஒரு கொக்கியையும், மூலைக்கல்லுக்கு அப்பாலுள்ள வேப்பமரத்தில் சங்கிலி சுற்றி மறு கொக்கியையும் மாட்டி, தெய்வத்தை நினைத்துக் கைப்பிடியைச் சாய்த்தேன். 'டக்' என்றது. அந்த நாதத்தில் உண்டாகும் ஆனந்தத்தை இழுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள். டக், டக் என்று நாற்பது, ஐம்பது பல் போயிற்று. வலை வெண்ணெய்போல் வழுவழுவென்று வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதனுக்கு இத்தனை பலமா என்று நானே அதிசயித்துக்கொண்டிருந்தபோது, வெகு தூரத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "ஏனுங்க, இந்த முனையைக் கட்டவே இல்லீங்க! வேலி மொத்தமும் உங்ககிட்டத்தான் வருது!"

மறுமுனையைக் கட்டி மீண்டும் தொடங்கினேன். இம்முறை வலை எழுந்து நின்றது, தொய்வு மறைந்தது, கம்பிகள் நேராயின. முன்பு சொன்ன அந்த நெளிவுகள்மட்டும் என் கண்ணை உறுத்தின. தொழிற்சாலை செய்த பிழையைத் திருத்துவது ஆசிரியன் கடமையல்லவா? இன்னும் இருபது பல் இழுத்தேன். நெளிவுகள் ஒவ்வொன்றாக மறைந்து, கம்பிகள் கோடு போட்டதுபோல் நின்றன. மூலைக்கல்லில் கட்டி முடித்து, புல்லரைக் கழற்றினேன். அந்திவேளையில் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, ஒரு கம்பியை விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டு, "ஏனுங் வாத்தியாரே, சுதி நல்லாத்தான் சேர்ந்திருக்குது. கச்சேரி எப்பங்க?" என்றார்.

கச்சேரி அன்றிரவே நடந்தது. பின்பனிக் காலம், நடுநிசிக்கு மேல் குளிர் இறங்கியதும் காட்டுப் பக்கமிருந்து 'தடால்' என்று ஒரு சத்தம். காலையில் போய்ப் பார்த்தால், மூலைக் கல்லுக்கால் தரைமட்டத்தில் வாழைத்தண்டுபோல் முறிந்து கிடந்தது; அதோடு சேர்ந்து வலையும் கல்யாண வீட்டு ஜமக்காளம்போல் விரிந்து கிடக்க, அதன்மேல் ஏழு வெள்ளாடுகள் சம்பந்திகளைப்போல் அமர்ந்து என் முருங்கைத் தழையை அசைபோட்டுக்கொண்டிருந்தன. வேலி இல்லாத காலத்தில்கூட மூன்றுக்கு மேல் வந்ததில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பதை மெய்ப்பிக்க வந்ததுபோல், முறிந்த கல்லின்மேல் ஓர் ஓணான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அது அனுதாபமா, ஆமோதிப்பா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

ஆடிவரை ஒழியாத மேஸ்திரிக்கு, இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கு அன்றே ஒழிந்தது. கல்லைப் பார்த்தார், கம்பியைத் தடவினார். "மூலைக்கல்லுக்கு முட்டுக்கல் எங்கீங்க?" என்றார். நான் பேசவில்லை. "நெளிவு எங்கீங்க?" என்றார். அதைச் சரிசெய்துவிட்டேன் என்றேன். மேஸ்திரி சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. "அது கம்பியோட உசுருங்க. பாதி இழுக்கோணும், பாதி உடோணும். வெயிலுக்கு நீளும், பனிக்குச் சுருங்கும். ஆடு முட்டினா உள்ளே போய்த் திரும்பி வரோணும். மொத்தத்தையும் நீங்க வாங்கிட்டா அது எதைங்க குடுக்கும்?"

என்னோடு வேலை பார்த்த பௌதிக ஆசிரியரிடம் பிறகு இதைச் சொன்னேன். 100 மீட்டர் நீள இரும்புக் கம்பி 15 டிகிரி குளிர்ந்தால் சுமார் 18 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். நெளிவு இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கல்லைப் பிடித்து இழுக்கும். பாரத்தை மேலிருந்து தாங்குவதில் கருங்கல் மகாவீரன், பக்கவாட்டில் இழுத்தால் பட்டென்று முறிந்துவிடுகிற முன்கோபி என்றார். தவிரவும், கம்பியின் தொய்வைப் பாதியாகக் குறைக்க இழுப்பை இரு மடங்காக்க வேண்டும். தொய்வே இல்லாமல் நிறுத்த எல்லையற்ற இழுப்பு வேண்டும். அது ஈசுவரனிடம்கூட இருக்குமோ என்னவோ, இரண்டு டன் புல்லரிடம் கிடையாது என்றும் முடித்தார். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எத்தனை பிள்ளைகளின் நெளிவை நேராக்கினேன், எத்தனை மூலைக்கல் முறிந்தது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, அன்றிரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதுக் கல் நட்டு, சாய்வாக முட்டுக்கல் கொடுத்து, நெளிவில் பாதியை விட்டு மேஸ்திரி இழுத்துக் கட்டிய வேலி இரண்டு கோடையும் இரண்டு பனியும் கண்டு ஒழுங்காக நிற்கிறது. ஆடுகள் முட்டுகின்றன, அது உள்ளே போய்த் திரும்பி வருகிறது. வலை போட நினைக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: புல்லரை வாங்குங்கள், பழகுங்கள், அது நல்ல ஜாதி இரும்பு, ஆனால் கடைசி இருபது பல்லை மட்டும் இழுக்காதீர்கள். என்னுடையதை இரவல் கேட்டு யாரும் வர வேண்டாம். தம் பக்கத்து வேலிக்கு இழுக்க வேண்டுமென்று பக்கத்துக் காட்டுக்காரர் போன தை மாதம் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.