புயலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது

போன ஞாயிறு எங்கள் வாசிப்புக் குழு மறுபடியும் 'புயலிலே ஒரு தோணி' நாவலின் முதல் அத்தியாயத்தில், சுமத்ராவின் மெடான் நகரத்துக் கெர்க் ஸ்ட்ராட்டில் போய் நின்றது.

அதற்கு முந்தைய வாரமே தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் கிளம்பிவிட்டது. கரை மறைந்துவிட்டது. அடுத்த வாரம் புயல் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அந்த அத்தியாயத்தை முன்கூட்டியே படித்து, ஓரத்தில் பென்சில் கோடு போட்டு, பேசுவதற்கு ஒரு விஷயமும் யோசித்து வைத்திருந்தேன். நல்ல விஷயம். ப. சிங்காரத்தின் புயலைப் பற்றி இதுவரை யாரும் இப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. அதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் மனசு ஆறும்.

மொட்டைமாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்ததும் அமைப்பாளர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு ரெண்டு நண்பர்கள் புதுசா வந்திருக்காங்க. அவங்களுக்காக முதல் அத்தியாயத்துலேர்ந்து ஒரு சின்ன பார்வை பாத்துட்டுப் போயிருவோமா?"

புதியவர்கள் இருவரும் பதறிப்போய், "எங்களுக்காக வேண்டாம் சார்" என்றார்கள். அவர்கள் பேச்சை யார் கேட்டார்கள்? எங்கள் குழுவில் சின்னப் பார்வை என்பது தீபாவளிக்குத் தொடங்கினால் பொங்கலுக்கு முடிவது. புத்தகங்கள் சடசடவென்று பின்னோக்கிப் புரண்டன. ஜப்பான்காரன் மறுபடி மெடானுக்குள் நுழைந்தான். 1942இல் ஒரு முறை நுழைந்த மனிதர்களை எங்கள் மாடியில் எத்தனை முறை நுழைய வைத்திருக்கிறோம் என்று டோக்கியோவில் தெரிந்தால், கூடுதல் வேலைக்குப் படி கேட்டுக் கடிதம் போடுவார்கள்.

இத்தனைக்கும் சிங்காரம் எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதி முடிக்கப்பட்டு, 1972இல்தான் அச்சேறியது. இருபது நாவல் எழுதியவரை எடுத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறோம் என்று கிளம்பியிருந்தால், எங்கள் பேரப்பிள்ளைகள் முடித்துவைக்க வேண்டியிருக்கும். இரண்டுதானே, ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அதை இப்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. அந்த அளவுக்கு நண்பர்கள் நல்லவர்கள்.

நாவல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்பது உண்மை. யார் பேசுகிறார்கள் என்று சிங்காரம் சொல்ல மாட்டார். மெடான் தெருவில் நடந்துகொண்டிருக்கும் நாயகன் பாண்டியனின் மனம் திடீரென்று சின்னமங்கலம் சந்தைக்குள் புகுந்துவிடும். மலாய்ச் சொல் வரும், டச்சுப் பெயர் வரும், வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகளின் பேச்சு வரும். நடுவில் பழைய இலக்கியத்தைக் காலை வாரும் கேலி ஒன்று வந்து போகும். அது கேலி என்று நமக்கு உறைப்பதற்குள் ஆள் பினாங்கு போய்ச் சேர்ந்திருப்பார். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

எங்கள் குழுவில் ஓர் இளைஞர் இருக்கிறார். மூன்று நிறப் பேனாக்களோடு வருவார். ஒருநாள் அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பச்சை எதற்கு என்று கேட்டேன். "முக்கியம் சார்." மஞ்சள்? "ரொம்ப முக்கியம்." ரோஸ்? குரலைத் தாழ்த்தி, "புரியல சார்" என்றார். புத்தகம் முக்கால்வாசி ரோஸாக இருந்தது. அந்த மாடியில் நான் நம்புகிற ஒரே வாசகர் அவர்தான். மற்றவர்களில், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், "இதெல்லாம் ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் பிடிபடும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். முதல் தடவையைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. பேராசிரியர் ஒருவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பின்நவீனத்துவத்தைப் பார்த்துவிடுவார். அட்டையின் பின்பக்கத்தில் விலை போட்டிருந்த இடத்தில்கூட ஒரு முறை பார்த்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த அறை.

எந்த அத்தியாயமானாலும் கூட்டம் அறையில்தான் தொடங்கும். "சிங்காரம் மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில ஒத்தை அறையில வாழ்ந்தார்" என்று அமைப்பாளர் ஆரம்பிப்பார். எல்லோரும் ஒரு விநாடி தலைகுனிவோம். கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிற மாதிரி அது ஒரு நடைமுறை. உண்மைதான், மனிதர் பல பத்தாண்டுகள் அங்கே தனியாகத்தான் இருந்தார். தினத்தந்தியில் வேலை, வேலை முடிந்தால் அறை. பேட்டி, மேடை, மாலை எதிலும் நாட்டமில்லை. இதை ஒரு தடவை சொன்னால் போதாதா?

முதல் கூட்டத்தில் அந்த அறையில் ஒரு கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி நிறையப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. யார் சொன்னார் என்று தெரியாது, ஆனால் இருந்தன. சில வாரங்களில் அலமாரி போய்விட்டது. "அவர்ட்ட அதிகமா புத்தகமெல்லாம் கிடையாதாம்" என்றார் ஒருவர். அதற்கடுத்து மேசையை எடுத்துவிட்டார்கள். மடியில் வைத்துத்தான் எழுதினாராம். சின்னமங்கலம் சந்தை வருகிற அத்தியாயத்துக்குள் நாற்காலியும் போயிற்று. பாண்டியன் தொங்கான் ஏறுவதற்குள் கட்டிலையும் வெளியே தூக்கிப் போட்டு, ஒரு பாயை விரித்துவிட்டார்கள். வாரா வாரம் அறையின் நீள அகலமும் குறைந்துகொண்டே வந்தது. பத்துக்குப் பத்து என்று தொடங்கியது, எட்டுக்கு ஆறு என்று ஆனபோது எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. பதிப்பாளர் கிடைக்காமல் அத்தனை வருடம் கிடந்த கையெழுத்துப் பிரதியை மனிதர் எங்கேதான் வைத்திருப்பார்? கேட்டேன். "தலைக்கு வெச்சுப் படுத்திருப்பார்" என்றார் பேராசிரியர், கொஞ்சமும் யோசிக்காமல். அடுத்த வாரம் அது குழுவின் குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

பிறகு ஜன்னல். அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஏன் வெளியே பார்க்கவில்லை, இல்லை என்றால் எப்படிக் கடலை அப்படி எழுதினார்? இரண்டு கட்சியானோம். ஜன்னல் கட்சியில் வங்கி அண்ணன். ஜன்னலற்ற கட்சிக்குப் பேராசிரியர் தலைமை. நான் கொஞ்ச நேரம் ஜன்னல் கட்சியிலிருந்து, வடை வந்ததும் நடுநிலைக்கு மாறினேன். அன்று அத்தியாயம் ஒரு வரிகூட நகரவில்லை.

இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல, தெற்குவாசலிலிருந்து வருகிற நண்பர் ஒரு நாள் மெல்ல எழுந்தார். அவருடைய சித்தப்பா சிங்காரத்தை நேரில் பார்த்திருக்கிறாராம். மாடியே எழுந்து உட்கார்ந்தது.

"எங்க பாத்தாங்க?"

"டீக்கடையில. முன்னாடி நின்னவரு சிங்காரம், பின்னாடி எங்க சித்தப்பா."

"பேசினாரா?"

"இல்ல."

"சிரிச்சாரா?"

"இல்ல."

"திரும்பியாவது பாத்தாரா?"

"பாக்கல."

"பாத்தீங்களா!" என்று அமைப்பாளர் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "அதுதான் சிங்காரம்!"

அதே கணக்கில் பார்த்தால் மதுரையில் என்னைப் பார்க்காத டீக்கடைக்காரர்கள், நடத்துனர்கள், என் சொந்த மருமகன் உள்பட ஏகப்பட்ட சிங்காரங்கள் இருக்கிறார்கள். முன்னால் நின்றவர் சிங்காரம்தான் என்று சித்தப்பாவுக்கு யார் சொன்னது என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். தெற்குவாசல் நண்பர் அதற்கப்புறம் எனக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை. இப்போது அவருடைய சித்தப்பாவை ஒரு ஞாயிறு நேரில் அழைத்துவந்து பொன்னாடை போர்த்துவதாகத் திட்டம். என்ன பேசுவார் என்று கேட்டால், "அவர் பாத்த முதுகைப் பத்திப் பேசுவார்" என்கிறார்கள்.

அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 18 வயதில் கப்பலேறி மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். யுத்தத்தை அங்கேயே இருந்து பார்த்தவர். மனைவியையும் குழந்தையையும் அந்த மண்ணிலேயே பறிகொடுத்தவர். 1946இல் ஊர் திரும்பியவர். 1997இல் காலமானார். இதைக் குறிப்பேட்டில் ஆறே வரியில் எழுதியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு மூன்று பக்கம்.

வரைபடப் படலம் தனி. பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். மெடானிலிருந்து பினாங்கு எத்தனை தூரம் என்று நூல் வைத்து அளந்தார்கள். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான், சுமார் 250 கிலோமீட்டர். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை. "மதுரையிலேர்ந்து திருவனந்தபுரம் தூரம்தானா?" என்று ஒருவர் ஏமாற்றமாகக் கேட்டார். இன்னும் பெரிய கடலாக இருந்திருக்கலாம் என்று அவருக்கு மனக்குறை. மதுரை வருகிற பக்கங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மதுரைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாவலுக்குள் மதுரை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கடை எந்த முக்கில் இருந்தது என்பதில் தொடங்கி, பாண்டியனுக்கே வழி தெரியாது என்று தீர்ப்புச் சொல்லி முடித்தார்கள்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. நாவலில் பினாங்குப் பகுதி வரும்போது நம் ஆட்கள் சிலர் கூடி உட்கார்ந்து, கண்ணகி, குறள், பழம்பெருமை என்று வளைத்து வளைத்துப் பேசுகிறார்கள். மாணிக்கம் என்கிற ஆள் எல்லாவற்றையும் பிரித்து மேய்வார். கூடி உட்கார்ந்து இலக்கியம் பேசுகிற தமிழனை அவ்வளவு துல்லியமாக, அவ்வளவு சிரிப்போடு அதற்கு முன் யாரும் எழுதியதில்லை என்பது என் கட்சி. அந்தப் பக்கங்களுக்கு எங்கள் குழு வந்து சேரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். வந்தாலும், "நம்மாளுங்க எப்படி வெட்டியாப் பேசியிருக்காங்க பாருங்க" என்று வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்த்து, அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். நானும்தான் பேசுவேன். எனக்கு ஏற்கெனவே குறிப்பு தயார்.

கொஞ்சம் கோபமாகவே ஒன்று சொல்கிறேன். மனிதர் இதே ஊரில்தான் இருந்தார். நாங்கள் எல்லோரும் டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற தூரம். எழுதி முடித்ததை வைத்துக்கொண்டு பத்து வருடம் காத்திருந்தபோதும் சரி, புத்தகம் வந்து அட்டை பழுப்பேறியபோதும் சரி, எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விமர்சகர் சி. மோகன் மாதிரி சிலர் சொல்லிச் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது. தனிமை, தனிமை என்று உருகுகிறோமே, அந்தத் தனிமைக்கு நம் பங்கும் கொஞ்சம் போயிருக்கிறது. இதை ஒரு நாள் மாடியில் சொன்னேன். "ரொம்ப முக்கியமான பார்வை" என்று குறித்துக்கொண்டார்கள். இளைஞர் மஞ்சள் பேனாவைத் திறந்தார். பிறகு ஒருவர், "அப்படி யாராவது போயிருந்தா கதவைத் திறந்திருப்பாரா?" என்று கேட்க, பேச்சு கதவுக்குப் போய்விட்டது. கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?

இதற்கிடையில் ஒருவர் நாவலின் முடிவைச் சொல்லிவிட்டார். வேண்டுமென்றல்ல, டீ ஊற்றும்போது வாய் தவறிவிட்டது. பாதிப் பேருக்கு முகம் மாறியது. இத்தனை மாதமாக உடன் வந்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அமைப்பாளர் மட்டும் அசரவில்லை. "முடிவு தெரிஞ்சிருச்சுல்ல, இனிமே அவசரப்படாம நிதானமாப் போகலாம்" என்றார்.

தோணி முடிந்ததும் 'கடலுக்கு அப்பால்' எடுப்பதாகத் தீர்மானம் வேறு நிறைவேறியிருக்கிறது. அது சின்னப் புத்தகம். செல்லையா, மரகதம், காதல், வட்டிக்கடை முதலாளி என்று கதை நேராகவே போகும். ஓர் ஆள் ஓர் இரவில் படித்துவிடலாம். அதனால் ஒரு வருடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

புயலைப் பற்றிச் சொல்ல வந்த விஷயம் அப்படியே இருக்கிறது. பத்திரிகையில் எனக்குக் கொடுத்த இடம் அறைக்கும் ஜன்னலுக்கும் சரியாகப் போய்விட்டது.

எங்கள் கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: புதிதாக வந்திருக்கிறேன் என்று மட்டும் அமைப்பாளரிடம் சொல்லிவிடாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, பழைய ஆள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருங்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.