வண்டிக்கு அடியில் படுத்த மாப்பிள்ளை

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து
ஏப்ரல் மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அக்காவும் அத்தானும் வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டியில் குடியேறிவிட்டதாக ஊரில் பேச்சு என்று பெரியம்மா போனில் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. வீடு இருக்கிறது. அதோடு, விடுமுறைக்கு ஊர் சுற்ற ஒரு கேம்பர்வேன் வாங்கியிருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ். கடையில் வாங்கவில்லை, வண்டியின் உரிமையாளரிடமே நேராகப் பேசி வாங்கினார் உங்கள் மாப்பிள்ளை. அதற்கு அவர் பட்ட பாட்டை அவர் உங்களுக்கு எழுத மாட்டார், கௌரவம் இடிக்கும். ஆகவே இந்தக் கடிதம்.

இங்கே ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்ற வந்த ஐரோப்பியப் பிள்ளைகள், கோடை முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு விமானம் ஏறத் துடிப்பார்கள். அக்டோபரில் ஏறி நிற்கும் விலை இப்போது இறங்கும். ஐப்பசியில் தேங்காய் வாங்கலாமா, தையில் வாங்கலாமா என்று நீங்கள் கணக்குப் போடுவீர்களே, அதே கணக்கோடு அத்தான் ஆறு மாதம் பொறுத்திருந்தார்.

விற்பனையாளர் கடையில் வாங்கினால் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பின்னால் நிற்கும். தனியாரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. விற்றவர் தவறான தகவல் சொல்லி நம்பவைத்தார் என்று காட்ட முடிந்தால் மட்டும் தகராறு தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம். இதைப் படித்த அன்றே அக்கா ஒரு விதி போட்டாள்: “எதையும் வாயால் கேட்காதீங்க. மெசேஜில் கேளுங்க. பதிலும் மெசேஜிலேயே வரட்டும்.” புரோநோட்டில் கையெழுத்து வாங்காமல் பத்து ரூபாய் கொடுக்காத உங்கள் மகள் அல்லவா?

முதல் வண்டி படத்தில் பளபளத்தது, விலை பாதி. உரிமையாளர் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறாராம். வண்டி எங்கேயோ வட தீவில் நிற்கிறதாம். ஐந்நூறு டாலர் அனுப்பினால் வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைப்பாராம். அத்தான் வங்கிச் செயலியைத் திறந்தேவிட்டார். அக்கா அந்தப் படத்தை இணையத்தில் தேடினாள். அதே வண்டி, அதே மரநிழல், ஆஸ்திரேலிய விளம்பரம் ஒன்றில். அன்றைக்கு ராத்திரி அத்தான் சாப்பாட்டில் உப்புக் குறை சொல்லவில்லை.

இரண்டாவது வண்டி நிஜமாகவே இருந்தது. நியூ பிரைட்டன் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. அலைச்சறுக்குப் பையன், வயது இருபத்தாறு இருக்கும், வெறுங்கால், நல்ல சிரிப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன்” என்றான். விருந்தோம்பல் என்று அத்தான் நெகிழ்ந்துபோனார். பழைய டீசல் வண்டியை வாங்கப் போகிறவன் அதைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா, என்ன நிறத்தில் புகை விடுகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்பதெல்லாம் சூடான எஞ்சினில் பாதி மறைந்துவிடும். பானெட்டைத் தொட்டுப் பார்த்த அக்கா, “நாளைக்கு வரோம், சாவியைத் தொடாம வைங்க” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அத்தான் பழைய கோணிச்சாக்கு ஒன்றை விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது தலைமுடியில் செம்பட்டைத் தூள். துரு. கடற்கரையோரம் வளர்ந்த வண்டியை உப்புக்காற்று கீழிருந்துதான் தின்னும். மேலே பெயின்ட் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் பகுதியை அவர் கட்டைவிரலால் அழுத்த, அப்பளம்போல நொறுங்கியது. இந்த நாட்டில் ‘வாஃப்’ என்று ஒரு தகுதிச் சான்று உண்டு. நம் ஊர் எஃப்.சி. மாதிரி என்று வையுங்கள், ஆனால் சொந்தக் காருக்கும் கட்டாயம். பிரேக், டயர், விளக்கு, சீட் பெல்ட், வண்டியைத் தாங்கும் இடங்களில் துரு இவற்றைப் பார்ப்பார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் அதில் சேராது. விற்கும் வண்டிக்கு ஒரு மாதத்துக்குள் எடுத்த வாஃப் இருக்க வேண்டும். இல்லையென்றால், உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். பையன் அந்தத் தாளைத் தயாராக அடித்து வைத்திருந்தான். பேனாவும் கொடுத்தான்.

அத்தான் அடியில் இருந்த நேரத்தில் அக்கா உள்ளே போய், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தியானம் என்று பையன் நினைத்திருப்பான். மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். அடைமழையில் காயாத துணி வாடை வந்ததாம். மெத்தையைத் தூக்கினால் பலகை ஊறி, ஓரத்தில் கறுப்புப் பூஞ்சணம். கூரையில் பொருத்திய காற்றுப்போக்கியின் ரப்பர் வெடித்து, நீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. கேம்பர்வேனுக்கு எஞ்சின் கோளாறைவிட நீர்க்கசிவு பெரிய வியாதி என்பது அன்றுதான் புரிந்தது. எஞ்சினை இறக்கி மாற்றலாம், ஊறிப்போன சுவரை எங்கே இறக்குவது?

பின்பக்கம் நீல ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் பெருமைக்குரிய அம்சம் என்பதுபோல் பையன் காட்டினான். ஒரு காலத்தில் பெருமைதான். தன்னிறைவு வண்டி, அதாவது கழிவைத் தெருவில் விடாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான அடையாளம் அது. ஆனால் 2023-இல் சட்டம் மாறிவிட்டது. இனிப் பச்சை அட்டைதான். அது வேண்டுமானால் கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அலமாரியில் வைத்து வேண்டும்போது இழுக்கும் பிளாஸ்டிக் பெட்டி செல்லாது. ஆளுக்கு 12 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான நல்ல தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை இவையும் வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, படுக்கையை விரித்த பிறகும் கழிப்பறையில் உட்கார முடிய வேண்டும், தலைக்கும் முழங்கைக்கும் இடம் வேண்டும் என்பது. அரசாங்கம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. தன்னிறைவு வண்டி மட்டும் தங்கலாம் என்ற இடத்தில் அட்டையில்லாத வண்டியை நிறுத்தித் தூங்கினால் 400 டாலர் அபராதம். பையனுடைய வண்டியில் படுக்கைக்கு அடியில் ஒரு பச்சை வாளி இருந்தது. அதைப் பற்றி மேலும் எழுத வேண்டாம்.

மூன்றாவதுதான் இப்போது வாசலில் நிற்பது. 2003 மாடல். நகரின் மறுகோடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மனைவியும் வைத்திருந்தது. முழங்கால் வலியால் உள்ளே ஏறி இறங்க முடியவில்லை, விற்கிறோம் என்றார்கள். வண்டி பனியில் குளிர்ந்து கிடந்தது, முதல் திருகலிலேயே எழுந்தது. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இருந்தது. இந்த எஞ்சினுக்கு அதை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றாமல் ஓடும்போது அறுந்தால் எஞ்சினுக்குக் காரியம்தான். ஓட்டிப் பார்க்க அத்தான் டயர்ஸ் பாஸ் சாலையில் மலை ஏற்றினார். சைன் ஆஃப் த டகாஹே என்ற பழைய கற்கட்டடத்தைத் தாண்டியதும் ஏற்றம் கடுக்கும். எஞ்சின் சூடு ஏறுகிறதா, கியர் வழுக்குகிறதா, இறக்கத்தில் பிரேக் இழுக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். சூட்டு முள் நடுவிலேயே நின்றது. அத்தான் விசிலடித்தார்.

அடுத்து, வண்டி யாருடையது என்ற கேள்வி. நம் ஊரில் கடன் வாங்கி வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி. புக்கிலேயே எச்.பி. என்று ஏறிவிடும், கடன் அடைத்து அதை கேன்சல் செய்தால்தான் நிம்மதி. இங்கே பதிவுச் சான்று உரிமைக்கு ஆதாரமே இல்லை. அதைப் பார்த்துக் கடன் இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. அதற்கென்று பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேடு தனியாக இருக்கிறது. வண்டி எண்ணைத் தட்டிச் சில டாலர் கட்டினால் கடன் நிலுவை தெரிந்துவிடும். பார்க்காமல் வாங்கிவிட்டால், கடன் கொடுத்தவர் வந்து வண்டியை நம் வாசலிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகலாம். பணமும் போச்சு, வண்டியும் போச்சு.

இந்த நாட்டில் உரிமையாளர் பெயரோடு கிடைத்த பழைய பொருள் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், அதுவும் தமிழில். வெலிங்டன் டெ பாபா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலக் கப்பல் மணியின் துண்டு இருக்கிறது. இன்னாருடைய கப்பலின் மணி என்று பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கும். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது, வங்கரேய் பக்கம் மாவோரி மக்கள் அதில் சமையல் செய்துகொண்டிருந்தார்களாம். எப்படிக் கைமாறியது என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.

ஆசிரியரின் வண்டியில் கடன் இல்லை. ஆனால் அக்கா கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டை முறைத்துக்கொண்டே நின்றாள். இங்கே டீசலுக்கு பம்பில் சாலை வரி கிடையாது, ஓடும் தூரத்துக்கு முன்கூட்டியே கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சின்ன வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். சீட்டு 2,24,000 வரை என்றது, மீட்டர் 2,30,640 காட்டியது. ஏழாயிரத்துக்கான சீட்டு, 532 டாலர். விற்றவர் கட்டாமல் விட்டதும் வாங்கியவர் தலையில்தான் விடியும். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிவந்துபோனார். பாவம், மறதி. வாய் திறக்காமல் விலையில் கழித்துக்கொண்டார். பணத்தை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஓட்டுநர் உரிமத்தில் அவர் பெயரைச் சரிபார்த்து, வங்கி வழியாக அனுப்பினார் அத்தான். பெயர் மாற்றம் இணையத்திலேயே சில நிமிடம். ஃபார்ம் 29, ஃபார்ம் 30, ஆர்.டி.ஓ. வாசலில் புரோக்கர் எதுவும் கிடையாது. இன்னொன்று, உட்கார்ந்துகொண்டு படியுங்கள்: இங்கே இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை. அக்கா கேட்கவில்லை, சாவி கைக்கு வருமுன் பாலிசி எடுத்தாள்.

கிளம்பும்போது அக்கா பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். அத்தான் மெல்ல முன்னே உருட்டினார். தரையில் மஞ்சளாக ஈரம். ஆசிரியர் பதறிவிட்டார். “கூலண்ட் ஒழுகுகிறது, நிறுத்துங்கள்!” என்று கத்திக்கொண்டே வலிக்கும் முழங்காலையும் மறந்து அடியில் நுழைந்தார். விளக்கம் சொல்ல அத்தானும் கோணிச்சாக்கோடு பக்கத்தில் போய்ப் படுத்தார். தேநீர்த் தட்டோடு வாசலுக்கு வந்த அந்த அம்மாள், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களையும் பார்த்துவிட்டு, “பணம் கொடுத்த பிறகுமா பார்ப்பீர்கள்?” என்று அக்காவிடம் கேட்டார்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்