பொருள்: 80 ஆம்ப் வரப்பெற்றமை – சார்பாக

அனுப்புநர்: மூன்றாம் மாடி ஃபிளாட்டில் கிடார் பழகுபவன்.
பெறுநர்: உயர்திரு விற்பனை மேலாளர், மாடலிங் ஆம்ப் தயாரிப்பு நிறுவனம்.

ஐயா,

பேர்போன கிடார் ஆம்ப்ளிஃபயர்களின் குரலை ஒரு சிப்பில் மிமிக்ரி செய்யும் தங்கள் ஆம்ப்பின் அட்டைப்பெட்டியில் ‘உள்ளே 80 ஆம்ப்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பிச் சென்ற மாதம் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணினேன். 80ம் இருந்தன. எடை குறையாமல் சரக்குப் போடும் ஆள் இந்தக் காலத்தில் நீங்கள்தான்.

மெனுவைப் பார்த்து நெகிழ்ந்தேன். மார்ஷலை ‘பிரிட்டிஷ்’, ஃபெண்டரை ‘ட்வீட்’ என்று எல்லாவற்றையும் ஜாடையாகவே சொல்கிறீர்கள். புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக்காலப் பாட்டிமாரின் பண்பாடு, வக்கீல்கள் புண்ணியத்தில் இன்னும் வாழ்கிறது. நகலெடுக்கக் கூச்சமும் வேண்டாம். லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் உருவான முதல் மார்ஷலே, அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். உங்கள் மெனுவில் அப்பனும் பிள்ளையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் நாள் ஒரே பிட்டை ஒன்பது ஆம்ப்பில் வாசித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்: “ஏண்டா, அதையே ஒன்பது தடவை வாசிக்கிறே? வரலியா?”

“ஒன்பதும் வேற வேற ஆம்ப்மா.”

“ஓகோ” என்றவள் குக்கர் விசிலை எண்ணப் போய்விட்டாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. உங்கள் சிப்பையும் குறை சொல்ல முடியாது. வால்வு சிக்னலை எப்படி நசுக்கும், ஓங்கி அடித்தால் பழைய பவர் சப்ளை எப்படி ஒரு கணம் மூச்சுவாங்கும் என்பதுவரை அது கணக்குப் போடுகிறது. போட்ட கணக்கெல்லாம் கடைசியில் ஓர் 8 அங்குல ஸ்பீக்கர் வழியாகத்தானே வெளியே வரவேண்டும்? 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்த கேபினட்டாக அதை நடிக்கச் சொல்வது, பால்வாடிப் பையனுக்குக் கட்டபொம்மன் மீசை ஒட்டுவதுதான்.

காரணமும் புரிகிறது. மென்பொருளாக எழுதி முடித்த ஆம்ப்பை எத்தனை பெட்டியில் ஏற்றினாலும் காசு செலவில்லை. ஸ்பீக்கர் என்றால் காந்தம், காகிதக் கூம்பு, மரம், லாரி வாடகை. அதனால்தான் அட்டையில் எண்ணிக்கை கொட்டை எழுத்திலும் அங்குலம் பொடி எழுத்திலும் இருக்கின்றன.

வாட் விஷயத்திலும் நன்றி. 25க்குப் பதில் 50 வாட் வாங்கினால் சத்தம் இரட்டிப்பு என்று நம்பினேன். கூடியது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க, வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். இந்தக் கணக்கைக் கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஏற்க மறுக்கிறார். நல்லவேளை, பெட்டியின் முதுகில் அரை வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச் ஒன்று ஒளிந்திருந்தது. ஃபிளாட்டில் இருப்பவன் முதலில் தேட வேண்டியது அதைத்தான். உங்கள் விளம்பரத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தப்பு என்மேலும் உண்டு. என் கிடாரையே கடைக்குத் தூக்கிப்போய், எஃபெக்ட்டையெல்லாம் அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். கடைத் தம்பி எக்கோவைக் கூட்டிவைத்து வாசித்ததில் மயங்கிவிட்டேன். எண்ணெயில் பொரித்தால் எதுவும் ருசிக்கும்.

இப்போது மூன்று ஆம்ப்பில் குடித்தனம் நடக்கிறது: தெளிவாகப் பேச ஃபெண்டர் ஜாடை, லேசாகக் கரகரக்க வாக்ஸ் ஜாடை, கோபத்துக்கு மார்ஷல் ஜாடை. மீதி 77ம் கீறல் விழாமல் உள்ளன. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஈடாக ஸ்பீக்கரில் 4 அங்குலம் கூட்டித் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்

இணைப்பு: பில் நகல் – 1, ஆம்ப் – 77.