ஆடி மாசத்துக் கல்யாணம்

தர்மபுரியில் தலைவலி என்று வாயைத் திறந்தால் ஆளுக்கொரு வைத்தியம் வரும்: சுக்குப் பத்து, நொச்சி ஆவி, எலுமிச்சம்பழம் சுற்றிப்போடுவது. எனக்கோ பாதி மண்டையில் மட்டும் இடி. வெளிச்சம் ஆகாது, குக்கர் விசில் ஆகாது, தாளிக்கும் வாசம் ஆகவே ஆகாது. நானே டாக்டராகி 'சைனஸ்' என்று தீர்ப்பு எழுதி, வருஷக்கணக்கில் ஆவி பிடித்தேன். மூக்கு மிகவும் நன்றாக இருக்கிறது.

வலி வருமுன் கண்ணோரத்தில் வெளிச்சக் கோடுகள் நெளிந்து ஓடும். போன் டிஸ்ப்ளே போய்விட்டது என்று காசு கொடுத்து மாற்றினேன். புது டிஸ்ப்ளேயிலும் கோடு. சண்டை போடப் போனேன். கடைப் பையன் போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

மெடிக்கலில் 'தலைவலி' என்றால் கேள்வியே இல்லாமல் ஒரு அட்டை கிழித்துத் தருவார்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். அதை நான் சில்லறை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு டாக்டர் தலையைப் பற்றிக் கொஞ்சமும் மனசைப் பற்றி நிறையவும் கேட்டார். "ரெண்டு வாரமா எதுலயாவது ஆர்வம் குறைஞ்சிருக்கா?" "சீரியல்ல சார்." "தூக்கம்?" "ஆபீஸ்ல நல்லா வருது சார்." அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், ராத்திரிக்கு. மெடிக்கல் தம்பி சீட்டைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, இது டிப்ரெஷனுக்குக் குடுக்கறதுங்க." குறைந்த அளவில் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் அதையே கொடுக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அட்டையைக் கடுகு டப்பாவில் ஒளித்தேன். எங்கள் வீட்டில் தினமும் தாளிப்பார்கள் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

கண்டுபிடித்த மனைவி விடுவாளா? பெங்களூருக்கு டிக்கெட். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றால் எங்களுக்கு நிம்ஹான்ஸ். கையில் ஃபைலோடு ஏறினால் கண்டக்டருக்கே விஷயம் புரிந்துவிடும். தெருவில் 'பட்டு எடுக்கப் போறோம்' என்று சொல்லிவைத்தேன். அங்கே 1974-லேயே மனசையும் நரம்பையும் ஒரே நிறுவனத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குத்தான் தனி கேட் தேவைப்பட்டது. "நியூரோ எங்கே, நியூரோ எங்கே" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்துக்கொண்டு போனால், எதிரே எங்கள் தெருக்காரர், கையில் ஃபைல். "இங்க ஒரு கல்யாணங்க" என்றார். அது ஆடி மாசம்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. மனச்சோர்வு முந்திக்கொண்டு தலைவலி பின்னால் வருவதும் உண்டு. மூளையில் செரட்டோனின் என்று ஒன்று இரண்டு பக்கத்திலும் மூக்கை நுழைக்கிறது. அதனால் வலி பொய்யாகிவிடாது, மனசும் பொய்யாகிவிடாது என்று நிம்ஹான்ஸ் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் வெளியே தெருக்காரர் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகக் கேட்டு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்திருக்கிறது. காவிரித் தண்ணீருக்குத்தான் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தலைவலியோ ஒகேனக்கல்லைத் தாண்டி, கேட்காமலேயே திறந்துவிடப்படுகிறது.

தலைவலி டைரி எழுதச் சொன்னார்கள்: என்றைக்கு வந்தது, முந்தின நாள் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், மனசில் என்ன ஓடியது. ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். வெயில், பட்டினி, தூக்கக்கேடு எல்லாம் அங்கங்கே வந்தன. ஆனால் மாதம் தவறாமல் பத்தாம் தேதியை ஒட்டி ஒரு பெரிய வலி. மனசில் ஓடியது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'சீட்டுப் பணம் கட்டணும்'.

நான் சீட்டு போட்டிருப்பது என் மனைவிக்குத் தெரியாது. எடுத்தும் முடித்துவிட்டேன் என்பது சுத்தமாகத் தெரியாது. அடுத்த செக்கப்புக்கு முன்னால் அவள் டைரியை எடுத்து நிதானமாகப் படித்தாள்.

அன்றைக்கு வந்த தலைவலியை எழுதிவைக்க முடியவில்லை. டைரி அவள் கையில் இருந்தது.