லினக்ஸ் அண்ணன்

ஈப்போ வட்டாரத்தில் தாமானுக்கு ஒரு லினக்ஸ் அண்ணன் உண்டு. வயது ஐம்பதுக்கு மேல். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில். தோட்டம் செம்பனையாகிவிட்டது, அவர் டவுனுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, பழைய லேப்டாப்புல வீஎல்சி மட்டும் போட்டுக் குடுங்க" என்று மாமாக் கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"டெப்பா, ஸ்னாப்பா, ஃபிளாட்பேக்கா, ஆப்இமேஜா?"

எல்லாம் லினக்ஸில் மென்பொருள் போடும் வழிகள். நாம் விழிப்போம். அவர் முகம் மலர்ந்துவிடும். ரொட்டி சானாய் ஆறத் தொடங்கும்.

கதை 1993-இல், டெப்பின் தாய்வீடான டெபியன் லினக்ஸ் பிறந்த ஆண்டில் தொடங்கும். 1998-இல் ஏப்ட் வந்து சேர்வதற்குள் நமக்கு இரண்டாவது தே தாரிக் வந்துவிடும். ஒரு மென்பொருளைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும், அந்த இன்னொன்று மூன்றாவதைக் கேட்கும். கேட்டதையெல்லாம் ஒரே கட்டளையில் இழுத்து வந்து போட்டது ஏப்ட். இதைச் சொல்கையில் அண்ணனுக்குக் குரல் தழுதழுக்கும். மகள் கல்யாணத்தில்கூட மனுஷன் இப்படிக் கலங்கவில்லை என்பது அண்ணியின் வாக்குமூலம்.

"தம்பி, டெப்புன்னா நம்ம லயம். குழாய் ஒண்ணுதான். ஒரு லைப்ரரி இருந்தா பத்து புரோகிராமும் அதுலதான் தண்ணி பிடிக்கணும். குழாயை மாத்துனா மொத்த லயத்துக்கும் சண்டை. ஸ்னாப்பும் ஃபிளாட்பேக்கும் தாமான் வீடு. அவனவன் தொட்டி அவனவன் கூரையில."

ஃபிளாட்பேக்கில் 'ரன்டைம்' என்று நாலைந்து வீட்டுக்குப் பொதுவான பெரிய தொட்டி ஒன்று உண்டு. அதைச் சொன்னால் உவமை கெட்டுவிடும், சொல்ல மாட்டார். டெப் லயத்துக்காக இவ்வளவு உருகுகிறவர் வீட்டுக் கூரையில் இரண்டு தொட்டி இருப்பதையும் நாம் கேட்கக் கூடாது.

ஸ்னாப் என்றாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு. கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். உபுண்டு லினக்ஸ் 22.04-இல் ஏப்ட்டிடம் ஃபயர்ஃபாக்ஸ் கேட்டால் அது ஸ்னாப்பைக் கொண்டுவந்து வைத்தது. அந்தத் துரோகத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. லினக்ஸ் மின்ட் 2020-லேயே ஸ்னாப்புக்குக் கதவடைத்ததைச் சொல்லி மேசையைத் தட்டுவார். பக்கத்து மேசைக்காரர் தம் குவளையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஆப்இமேஜ் ஒரே கோப்பு. நிறுவவே வேண்டாம், இயங்க அனுமதி கொடுத்தால் ஓடும். ஆகவே அதைப் பற்றி அண்ணனுக்குப் பேச ஒன்றுமில்லை.

பேச்சு முடிந்து, மூன்றாவது தே தாரிக்கும் நம் கணக்கில் ஏறிய பிறகு, தம் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். மெனுவில் வரிசையாக மூன்று வீஎல்சி.

"எதைண்ணே தொறக்கிறது?"

"ரெண்டாவது ஸ்னாப், சும்மா சோதனைக்கு வச்சிருக்கேன். மூணாவது ஃபிளாட்பேக், அதுல படம் பாருங்க. மொதல்ல இருக்கிறதை மட்டும் தொட்டுடாதீங்க தம்பி, அது நானே சொந்தமா கம்பைல் பண்ணது. படம் வரும், சத்தம் வராது."