பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எங்கே?

(கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடை. ஒருவர் ரிட்டயர்டு கோர்ட்டு குமாஸ்தா. மற்றவர் யூடியூபில் ‘மர்மம்’ சேனல் நடத்தும் தம்பி.)

மர்மம்: அண்ணாச்சி, கலெக்டர் ஆஷ் துரை கொலை கேஸ்ல பெரிய விஷயம் ஒண்ணு சிக்கிட்டு. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். துரையச் சுட்டுட்டு வாஞ்சி கக்கூசுக்குள்ள போயி தன்னையும் சுட்டுக்கிட்டாரு. போலீஸ் வலைவீசித் தேடும்போது வாஞ்சியோட கூட்டாளிங்கள்ல தர்மராஜ ஐயர் விஷம் குடிச்சாரு. வேங்கடேஸ்வர ஐயர் கழுத்த அறுத்துக்கிட்டாரு. மூணு சாவு!

குமாஸ்தா: ஆமா, மூணு. கூட்டல் சரியாத்தான் இருக்கு.

மர்மம்: தானாவா செத்திருப்பாவன்னு கேக்கேன். யாரோ வாய அடைச்சிருக்காவ!

குமாஸ்தா: வெள்ளக்கார போலீஸ்கிட்ட கேட்டா குத்தமுள்ள நெஞ்சும்பான். விழா மேடையில கேட்டா தியாகம்பாவ. நீ கொலைங்க. கூண்டுல ஏத்தினா மூணு பேருக்கும் தலையாட்டுற சாட்சி பொணம் ஒண்ணுதாம்ல. குறுக்கு விசாரணையும் கெடையாது.

மர்மம்: கென்னடி கேஸ்ல கணக்கே போட்டுட்டாவ அண்ணாச்சி. அத்தன சாட்சி அடுத்தடுத்துச் சாக வாய்ப்பு லட்சம் டிரில்லியன்ல ஒண்ணாம். லண்டன் சண்டே டைம்ஸ்ல வந்தது!

குமாஸ்தா: வந்தது. கேள்வியவே தப்பாக் கேட்டுட்டோம்னு அதே பத்திரிகை பின்னால அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதிச்சே, அது உன் சேனல்ல வந்துதா? அமெரிக்கா பூராவுலயும் குறிப்பா இந்தப் பேர்க்காரங்க சாக வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டிருக்கான். கென்னடி கொலைய விசாரிச்ச வாரன் கமிஷன் அட்டவணையில ஆயிரக்கணக்குல பேரு இருக்கு. அதுல சில பேரு சாவாவளான்னுல்லா கேக்கணும்? செத்தவனப் பொறுக்கி எடுத்துட்டு அப்புறம் கணக்குப் போட்டா எந்த ஊர்லயும் சதி வரும். அன்னைக்கு மணியாச்சி பிளாட்பாரத்துல நின்னவங்கள்ல இன்னைக்கு ஒருத்தராவது உயிரோட இருக்காவளா, சொல்லு.

மர்மம்: (நோட்டில் எழுதிக்கொண்டே) இல்ல...

குமாஸ்தா: ஏல, அது நக்கலு!

மர்மம்: சரி, வேதாரண்யம் சண்முகம்? 1991, ராஜீவ் கேஸ். விசாரணைக் காவல்ல இருந்து தப்பிட்டாருன்னாவ. அடுத்தாப்புல மரத்துல தொங்குனாரு. அதுவும் கூட்டல் பிழையா?

(குமாஸ்தா டீயை ஆற்றுகிறார். ஆறியபிறகும் ஆற்றுகிறார்.)

குமாஸ்தா: அது வேற. காவல்ல இருந்தவன் செத்தா காவல் காத்தவன்தான் பதில் சொல்லணும். ராத்திரி பாரா யாரு, பிரேதப் பரிசோதனை என்ன சொல்லுது, எல்லாம் கேக்கணும். ஆனா அது விசாரணை நடந்த லெச்சணத்துக்கு ஆதாரம். ராஜீவக் கொன்னது யாருங்கறதுக்கு இல்ல.

மர்மம்: நீங்க மட்டும் கேட்டியளாக்கும்! சம்மன் திரும்பி வந்தா ‘சாட்சி இறப்பு’ன்னு ஒரு வரி எழுதி கட்டக் கட்டுனவரு. எப்படிச் செத்தாம்னு என்னைக்காவது விசாரிச்சியளா?

குமாஸ்தா: அந்தக் காலம் இல்லப்பா... (இருமல்) படிவத்துல அதுக்குன்னு கட்டம் கெடையாது.

மர்மம்: எனக்காவது தம்ப்நெயில்ல கட்டம் இருக்கு.

குமாஸ்தா: அந்தக் கட்டத்துல வாஞ்சி சட்டப்பையில இருந்த கடிதத்தப் போடேன். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா, மூவாயிரம் மதராசிகள் எடுத்த சபதம், அந்த ஆளுக்கு யார் மேல என்ன வெறுப்பு, எல்லாம் அதுல இருக்கு. அதுல இருக்க சில வார்த்தை நம்ம விழா மேடைக்கே ஒத்துவராது. சதி வழக்குல பதினாலு பேரு நின்னாவ, நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். எல்லாம் உயிரோட இருந்தவங்கள வச்சி நடந்த வழக்குடே.

மர்மம்: கடிதம் வாசிச்சா ஆளு நிக்காது அண்ணாச்சி. பொணத்துக்குன்னா பத்து நிமிசம் நிப்பாவ. (கேமராவைத் திருப்புகிறான்) ஒரு சின்ன உதவி. மணியாச்சி பிளாட்பாரத்துல நின்னவங்கள்ல ஒருத்தர்கூட உயிரோட இல்லைன்னியள்லா? அத மட்டும் இதப் பாத்து மறுக்காச் சொல்லுங்க. சிரிக்காமச் சொல்லணும்.